தொட்டி கழுவிய வியாழக்கிழமை

அத்தியாயம் 17

வீம்புக்கு வாயை விட்டு மாட்டிக்கொள்வதில் இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. போன வாரம் அது சின்னவளின் முறை.

“என் கைக்கு வந்து எட்டு மாசம் ஆச்சுக்கா. மூணு மீன் வாங்கினேன், இன்னிக்கு நாப்பத்தி மூணு. ஒண்ணுகூடச் செத்ததில்ல. வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் சொல்லு, அப்பாவ வச்சுக் காப்பாத்த எனக்குத் துப்பிருக்கா இல்லையான்னு!”

போனில் இப்படிப் பொரிந்து தள்ளிவிட்டு, அக்கா வாயைத் திறப்பதற்குள் வைத்தும்விட்டாள். அதற்கான பதில் வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வாசல் மணியை அடித்தது.

பெரியவளின் கையில் ஒரு பை. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் இருப்பது என்ன காகிதம் என்று சின்னவள் கேட்கவில்லை. பராமரிப்பு இல்லத்தில் அப்பாவைச் சேர்ப்பதற்கான விண்ணப்பம் அது. மூன்று மாதமாக இந்த இருவருக்கும் நடுவே கிடந்து அடிபடுகிற விஷயம். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று நோயாளியுடையது. இன்னொன்று, இதுவரை அவரை வைத்துப் பார்த்துக்கொண்டவருடையது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் காகிதம்தான்.

“ஒரு கட்டில் காலியாகுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும். நான் சொல்லி வச்சதாலதான் இன்னும் நிக்குது,” என்றாள் பெரியவள், செருப்பைக் கழற்றும்போதே.

“முதல்ல உள்ள வாக்கா. தண்ணி குடி.”

“டம்ளர் கழுவினதா?”

அந்தக் கேள்விக்கு இருபது வருஷமாக இந்த வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

பெரியவள் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். கை கழுவுவதென்றால் முழங்கை வரை கழுவுவாள். அவள் வீட்டில் குழந்தைகளின் பொம்மைகள்கூட வாரம் ஒருமுறை கொதிக்கும் நீரில் குளிக்கும். ‘இவ கைக்கு எட்டாததால சூரியன் தப்பிச்சுது’ என்று அவள் கணவரே சொல்லிச் சிரிப்பார். மாமனாரும் மாமியாரும் படுத்த படுக்கையாக அங்கேயே இருப்பதால் அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வலி அவளுக்கு உண்டு. அதை அவள் வெளியே சொன்னதில்லை, சுத்தத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

சின்னவளுக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸைத் தேய்த்து, அளவு பார்த்து, பிரேமில் பொருத்துவாள். வயது முப்பத்தாறு. கல்யாணப் பேச்சு எடுக்கிறவர்கள் வாயை “அப்பாவ யாரு பாத்துக்கறது?” என்ற ஒரே கேள்வியில் அடைத்துவிடுவாள். அவள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் கீழ் வீட்டம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூத்த மகளைப் பார்த்ததும் இடக்கையைத் தூக்கினார். வலக்கை மடியிலேயே கிடந்தது.

பக்கவாதம் வந்து பத்து மாதம். வலப்பக்கம் விழுந்தது, பேச்சு அடியோடு போனது, பெயரைக் கிறுக்குவதைத் தவிர எழுதவும் வராது. புரிந்துகொள்வது மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. எல்லாம் விளங்கும், ஒன்றையும் சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய தண்டனையை யாராவது யோசித்துக் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அதுவும் யாருக்கு! முப்பத்தோரு வருஷம் குடிநீர் நிலையத்தில் ஊருக்கே தண்ணீர் சுத்தம் பண்ணி அனுப்பியவர். தண்ணீரில் மருந்து கலக்கிற பிரிவில் இருந்ததால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ‘குளோரின்’. ஒரு டம்ளர் தண்ணீரை முகர்ந்து பார்த்தே மருந்து கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். வாய் ஓயாமல் பேசுவார். இப்போது அவருக்கு இருக்கும் பாஷை ஒரு ஊன்றுகோலும் இடக்கையும்தான்.

அந்த நாற்காலிக்கு நேர் எதிரே இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டி. அதில் பிளாட்டி மீன்கள்.

பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட்தான், அப்பாவின் கண்ணுக்கு அசைகிற மாதிரி ஏதாவது வையுங்கள் என்றார். மீன் கடைக்காரர் ஒரு ஆணையும் இரண்டு பெண்ணையும் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். “முட்டை போடாது, நேரா குட்டிதான் போடும். ரொம்ப கெட்டி ஜாதிம்மா. இதச் சாகடிக்கணும்னாலே தனியா மெனக்கெடணும்,” என்றார்.

முதல் வாரம் சின்னவள் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றப் போனாள். அப்பா ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். விடாமல் தட்டினார். வாளியைக் காட்டினார், ஜன்னல் வெயிலைக் காட்டினார், இரண்டு விரலைக் காட்டினார். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து, மருந்து பறந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். புரிந்துகொள்ள அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் இரண்டு பேரும் அழுதார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம் அது.

அன்றிலிருந்து ஹால் மூலையில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் நிற்கும். வாரம் ஒருமுறை தொட்டியில் கால்வாசியை எடுத்துவிட்டு அதை ஊற்றுவாள். வடிகட்டுகிற கருத்த ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, அதுவும் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிவாள், அவ்வளவுதான். அந்தக் கறுப்பில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் மீன்களின் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கின்றன. கிருமி என்ற சொல்லுக்கு இந்த வீட்டின் மூத்த மகளிடம் வேறு அர்த்தம் என்பது உங்களுக்கே தெரியும்.

“இது என்னடி, சாக்கடை மாதிரி?” என்றாள் பெரியவள், தொட்டியில் மூக்கை வைத்து.

“பழகின தண்ணிக்கா அது. கண்ணாடியில பச்சை இருக்கறது நல்லதுதான், குட்டிங்க கொறிக்கும். இதப் பாரு.” சின்னவளின் குரலில் பெருமை வழிந்தது. தொட்டிக்குள் தொங்கிய சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு சிவப்பு மீன் தனியாக மிதந்தது. வயிறு வீங்கிச் சதுரமாகியிருந்தது. “நிறைமாசம். அடிவயித்துல அந்தக் கருப்புப் புள்ளி தெரியுதா? இன்னிக்கோ நாளைக்கோ போட்டுடும். போட்ட உடனே குட்டிங்க கீழ தட்டுக்கு நழுவிடும். இல்லைன்னா பெத்தவளே தின்னுடுவா.”

“நல்ல குடும்பம்.”

“அப்பாதான் தீனி போடுவாரு. அந்த வலது கை ரெண்டு விரலும் சேர ஆரம்பிச்சதே இந்தத் தீனியைக் கிள்ளித்தான்.”

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வலக்கையைக் கொஞ்சம் அசைத்துக் காட்டினார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னவளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய நாலு ஜோடி லென்ஸ் கடை மேஜையில் காத்திருந்தது. “ரெண்டு மணிக்கு வந்துடறேன்கா. அந்தப் பெட்டியில இருக்கறத மட்டும் கலைக்காத,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். தொட்டியையே தொடாதே என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

*

பெரியவளைப் பற்றி இந்தத் தொடரில் நான் நிறையக் குறை சொல்லிவிட்டேன். அன்று காலை அவள் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவைக் குளிப்பாட்டினாள். வெந்நீர் பதமாக, தோள் நோகாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து. முகம் மழித்தாள், நகம் வெட்டினாள், காது துடைத்தாள். படுக்கை விரிப்பை மாற்றினாள். ஒரு முட்டையை மசித்து, பால் ரொட்டியோடு சேர்த்து, புரையேறாமல் ஊட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். தேர்ந்த கை அது. சின்னவளின் கை அன்பான கை, தேர்ந்த கை இல்லை.

பாதத்தைத் துடைக்கும்போதுதான் பெரியவள் அதைப் பார்த்தாள். வலது குதிகாலில் ஒரு நாணய அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினாள். வெளுக்கவில்லை. புண் உள்ளிருந்து ஆரம்பித்திருந்தது.

“எவ்வளவு நாளாப்பா இது?”

அப்பாவால் எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சியே கிடையாது.

பெரியவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், கழுவுவாள். சமையல் மேடையைக் கழுவினாள், குளியலறையைக் கழுவினாள், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். ஹால் மூலையில் நின்ற வாளியைப் பார்த்தாள். “தண்ணிய இப்படித் திறந்து போட்டா கொசுதான் வரும்,” என்று முணுமுணுத்தபடி அதைக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

அப்பா ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்.

“இருங்கப்பா, வந்துட்டேன்.”

வந்தவள் தொட்டியின் பக்கம் திரும்பினாள். வடிகட்டி மோட்டாரை நிறுத்தினாள். வலையால் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குழாய்த் தண்ணீர் பிடித்த ஒரு அகலப் பாத்திரத்தில் விட்டாள். எண்ணிக்கொண்டே விட்டாள். அது தியேட்டர் பழக்கம். உள்ளே போகிற ஒவ்வொரு பஞ்சும் வெளியே வர வேண்டும், வெளியே வைத்த ஒவ்வொரு கத்தரியும் கணக்கில் நிற்க வேண்டும். பெட்டியில் இருந்த கர்ப்பிணியோடு சேர்த்து நாற்பத்து மூன்று. தங்கை பொய் சொல்லவில்லை.

அப்பா தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

“என்னப்பா வேணும்? பாத்ரூமா? தண்ணியா?”

இடக்கையால் தொட்டியைக் காட்டினார். குழாயைக் காட்டினார். இரண்டு விரலைக் காட்டினார். பெரியவள் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு டம்ளரை எடுத்து எறிந்தார். அது அவள் தோளில் பட்டுத் தரையில் உருண்டது.

பெரியவள் திகைத்து நின்றாள். அப்பா வாழ்க்கையில் யார் மேலும் எதையும் எறிந்தவர் இல்லை. பக்கவாதக்காரர்களுக்கு இப்படி ஆத்திரம் வரும் என்பது அவள் படித்ததுதான், மருத்துவமனையில் பார்த்ததுதான். தன் அப்பாவிடம் பார்ப்பதுதான் புதிது. மருந்துப் பெட்டியில், அமைதியில்லாமல் இருந்தால் பாதி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதிய மாத்திரை இருந்தது. பாதி உடைத்து, பொடித்து, தேனில் குழைத்து ஊட்டினாள். அவர் உதட்டை இறுக்கினார். அவளுக்கு அதையும் திறக்கத் தெரியும்.

சற்று நேரத்தில் தட்டல் நின்றது. கண் சொருகியது.

அதன் பிறகு அவள் நிம்மதியாக வேலை பார்த்தாள். தண்ணீர் முழுவதையும் வடித்தாள். கண்ணாடியின் பச்சையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், கற்களை வெந்நீரில் அலசினாள், பாசியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். கருத்த ஸ்பாஞ்சைக் கிருமிநாசினியில் ஊறவைத்து, பிழிந்து பிழிந்து, மஞ்சளாகும் வரை விடவில்லை. குழாயைத் திறந்து தொட்டியைத் தளும்ப நிரப்பினாள். நாற்பத்து மூன்றையும் எண்ணி உள்ளே விட்டாள். நிறைமாதத்தை மட்டும் சொன்ன சொல் தவறாமல் பெட்டியில் விட்டாள்.

தொட்டி பளபளவென்று இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சுத்தமான தண்ணீரைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். ‘நோயாளியின் குணம்’ என்ற இடத்தில் ஒரு நிமிடம் பேனாவை வைத்து யோசித்தாள். நர்ஸ் பொய் எழுதக்கூடாது. ‘சில சமயம் ஆத்திரப்படுகிறார். பொருட்களை எறிகிறார்’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, சோபாவில் சாய்ந்து அயர்ந்தும் போனாள். முந்தின நாள் அவளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை.

*

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குச் சின்னவள் கதவைத் திறந்தாள். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். குட்டி போடுவதை அக்கா ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், மனசு மாறிவிடும் என்று ஒரு கணக்கு. முப்பத்தாறு வயதிலும் இப்படிக் கணக்குப் போடுகிறவள் அவள்.

முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம். தொட்டி இத்தனை தெளிவாக இருந்து அவள் பார்த்ததில்லை. பிறகுதான் மீன்கள்.

முக்கால்வாசி மீன்கள் மல்லாந்து மேலே மிதந்தன. சில அடியில் கிடந்தன. ஏழெட்டு மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து துடித்துக்கொண்டிருந்தன. செவுள்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. பெட்டிக்குள் நிறைமாதக்காரி ஒருக்களித்துக் கிடந்தாள். கீழ்த்தட்டில் ஒரு பத்துப் பதினைந்து குட்டிகள், மஞ்சள் கரு இன்னும் வயிற்றில் ஒட்டியபடி, நாள் ஆவதற்கு முன்பே விழுந்தவை. ஒன்றும் அசையவில்லை.

சின்னவள் பையைக் கீழே போட்டாள். வாளியைத் தேடி மூலைக்கு ஓடினாள். வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, துடைத்து, காய்ந்து. சமையலறையில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு பாத்திரம் இருந்தது. துடிப்பவற்றைக் கையாலேயே அள்ளி அதில் போட்டாள். ஒவ்வொன்றாக அதிலும் சாய்ந்தன.

சத்தம் கேட்டுப் பெரியவள் எழுந்துவிட்டாள். “என்னடி ஆச்சு?”

“தண்ணி மாத்தினியா?”

“ஆமா. ஒரே அழுக்கு. கழுவி, புதுசா…”

“குழாய்த் தண்ணியா?”

“வேற எந்தத் தண்ணி? நாம குடிக்கறதுதானே அது!”

தெரியாதவளிடம் எதைக் கேட்பது? சின்னவள் திரும்பியது தெரிந்தவர் பக்கம். நாற்காலியில் அப்பா பாதிக் கண்ணைத் திறந்தபடி இருந்தார். மாத்திரை மயக்கம் இன்னும் முழுதாகக் கலையவில்லை.

“நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க?”

அப்பா அவளையே பார்த்தார்.

“உங்க கண்ணு முன்னாடிதானே நடந்துச்சு? குளோரின் என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே! ஒரு கை நல்லாத்தானே இருக்கு? ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தட்டு! எட்டு மாசம்பா! உங்களுக்காகத்தானே வச்சேன் இத! பொம்மை மாதிரி உக்காந்து பாத்துட்டு இருந்திருக்கீங்க!”

சொல்லும்போதே அது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பத்து மாதத் தூக்கம் கெட்டதும், பஸ்ஸுக்கு ஓடியதும், பெண் கேட்டவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று சொன்னதும் சேர்ந்து அந்த ஒரு வார்த்தையில் ஏறிக்கொண்டன. பொம்மை.

அப்பாவின் இடக்கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. வலக்கண்ணில் அதுவும் வராது.

“அவர ஏண்டி திட்டற?” என்றாள் பெரியவள். “அவரு காலையிலேருந்தே சரியில்ல. தடியால தட்டித் தட்டி வீட்டையே ரெண்டாக்கிட்டாரு. டம்ளரத் தூக்கி என்மேல எறிஞ்சாரு. அப்புறம்தான் பாதி மாத்திரை குடுத்தேன்.”

சின்னவள் மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எப்ப தட்டினாரு?”

“அந்த வாளித் தண்ணியக் கொட்டும்போது ஆரம்பிச்சாரு. மீன எடுக்கும்போது ரொம்ப அதிகமாயிடுச்சு. ரெண்டு விரலக் காட்டினாரு, ரெண்டு டம்ளர் தண்ணி குடுத்தேன்…”

சொல்லிக்கொண்டே வந்த பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டது.

“ரெண்டு நாள்,” என்றாள் சின்னவள். “தண்ணிய ரெண்டு நாள் வைக்கணும்னு சொன்னாரு. உனக்குப் புரியல. புரியலன்னதும் மாத்திரைய போட்டு வாய மூடிட்ட.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான். அங்க இருக்கறவங்களுக்கும் தெரியாது. அதுக்குத்தான்கா அனுப்ப மாட்டேங்கறேன்! அவரு தட்டினா எதுக்குத் தட்டறாருன்னு கேக்க அங்க யாரு இருக்கா? எல்லாருக்கும் பாதி மாத்திரைதான்!” மேஜை மேல் கிடந்த விண்ணப்பம் அப்போது அவள் கண்ணில் பட்டது. எடுத்துப் படித்தாள். “பொருட்களை எறிகிறார். நல்லா எழுதியிருக்க.”

பெரியவள் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். தன் கைகளைப் பார்த்தாள். இந்தக் கைகளில் நாற்பத்து மூன்றும் உயிரோடு இருந்தன, எண்ணிப் போட்டாள், ஒன்றுகூடக் குறையவில்லை.

“மீன் விஷயத்துல நான் பண்ணினது தப்பு,” என்றாள். “ஒத்துக்கறேன். மாத்திரையும் தப்பு. ஆனா நீ இங்க வா.”

தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அப்பாவின் காலடியில் உட்கார வைத்தாள். வலது பாதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“இது என்னன்னு தெரியுதா?”

சின்னவள் பார்த்தாள். சிவப்பு வட்டம்.

“படுக்கைப்புண். ஆரம்பம்தான், ஆனா ஒரு வாரத்துக்குக் குறையாது. விட்டா எலும்பு வரைக்கும் போகும். மீனோட அடிவயித்துல கருப்புப் புள்ளி தெரியுது உனக்கு. அப்பா குதிகால்ல இருக்கற சிவப்பு தெரியல.”

சின்னவள் அந்தப் பாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். தினமும் அந்தக் காலுக்கு அவள்தான் சாக்ஸ் மாட்டுகிறாள். குளிருமே என்று மாட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று பார்க்காமல் மாட்டினாள்.

“நான் உன்னக் குத்தம் சொல்லலடி,” என்றாள் பெரியவள், குரல் இறங்கி. “ஒருத்தி பண்ற வேலை இல்ல இது. அதத்தான் சொல்றேன்.”

“குத்தம்தான் சொல்ற.”

“சரி, சொல்றேன். நீயும்தான் என்னச் சொல்ற.”

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அப்பாவின் ஒரு கால் இருவர் கைக்கும் நடுவே இருந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் இருந்தது, அதுதான் கொடுமை.

அப்போது ஊன்றுகோல் தரையில் தட்டியது. ஒரே ஒரு தட்டு.

இருவரும் நிமிர்ந்தார்கள். அப்பாவின் கண்ணில் மயக்கம் இல்லை. இடக்கையால் மேஜையைக் காட்டினார். பெரியவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். இல்லை என்று தலையை அசைத்தார். மூக்குக்கண்ணாடியா? அதுவும் இல்லை. சின்னவள் விண்ணப்பத்தைத் தொட்டாள். அப்பா கையை நீட்டினார்.

“வேண்டாம்பா,” என்றாள் சின்னவள்.

கை நீட்டியபடியே இருந்தது.

அவர் காகிதத்தை மடியில் வைத்து முழுவதும் படித்தார். ‘எறிகிறார்’ என்ற வரியில் கண் ஒரு கணம் நின்று நகர்ந்தது. பேனாவைக் கேட்டு வாங்கினார். இடக்கையால் கோணல்மாணலாக, ஆனால் நிதானமாக, நோயாளி என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பெரியவள் ஜெயித்தவள் மாதிரி இல்லை. “இன்னிக்கே வேண்டாம்பா,” என்றாள் அவசரமாக. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சு…”

அப்பா அவளைக் கவனிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிச் சின்னவளின் பக்கம் நகர்த்தினார். இன்னொரு கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டவர்.

“நான் கோவத்துல சொன்னேன்பா,” சின்னவளுக்கு அழுகை முட்டியது. “நீங்க தட்டினது எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சா சொல்லுவேனா? கோவமாப்பா என்மேல? இல்ல… எனக்குக் கஷ்டம்னு நினைக்கறீங்களா? எனக்கு ஒரு கஷ்டமும் இல்லப்பா. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்கப்பா.”

அவர் முகத்தின் பாதி பத்து மாதமாக எதையும் காட்டுவதில்லை. மீதிப் பாதியும் அன்று எதையும் காட்டவில்லை.

பேனாவை அவள் பக்கமாக நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கையை மடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு தோள்வரை. அவருக்கு இருப்பது அந்த ஒரு கைதான்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சின்னவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.